இதயச் செல்லின் கால்சியம் சானல்களை ஏன் நிகழ்தகவால் எழுதுகிறார்கள்?

கணிதத்தில் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இதயம் இவ்வளவு ஒழுங்காகத் துடிக்கிறது. அதன் செல்லுக்கு ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி பாணி வகைக்கெழுச் சமன்பாடுகளே போதாதா? கால்சியம் என்று வந்தவுடன் ஏன் எல்லாரும் மார்க்கோவ் சங்கிலி, மான்டே கார்லோ என்று போய்விடுகிறார்கள்? அந்த மாதிரிகளில் வரும் எண்களை எங்கிருந்து எடுக்கிறார்கள்?"

(ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி பாணி என்பது சவ்வின் மின்னோட்டத்தைச் சராசரி அளவுகளால் எழுதுவது. மார்க்கோவ் சங்கிலி என்பது நிலைக்கு நிலை நிகழ்தகவால் தாவும் மாதிரி. மான்டே கார்லோ என்பது அதைத் தற்செயல் எண்களால் ஓட்டிப் பார்ப்பது.) முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்தகவை இங்கே யாரும் ஆடம்பரத்துக்காகக் கொண்டுவரவில்லை. ஒரு துடிப்பில் எவ்வளவு வலுவாகச் சுருங்குவது என்பதை இதயச் செல் முடிவுசெய்யும் வழியே அதுதான்: ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடங்களில் எத்தனை இடம் இந்தத் தடவை திறந்தது என்ற கணக்கு. அந்த இடங்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து "செல்லின் சராசரிக் கால்சியம்" என்று ஒரே மாறியாக எழுதினால், செல் செய்யும் வேலையை அந்தச் சமன்பாட்டால் செய்யவே முடியாது. எப்படி என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்காது என்பது பழைய செய்தி. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க விட்டார். குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் இதயம் நன்றாகத் துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்தபோது சீக்கிரமே நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம் என்று 1883-ல் எழுதினார். இன்று தெரிந்த வரிசை இது. மின்னழுத்தம் ஏறியதும் செல்லின் வெளிச் சவ்வில் இருக்கும் எல்-வகை கால்சியம் சானல்கள், அதாவது அயனியை உள்ளே விடும் புரத வாசல்கள், திறக்கின்றன (வீட்டில் பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை அடைப்பது இந்த வகைச் சானலைத்தான், முக்கியமாக ரத்தக்குழாயில்). அதன் வழியே கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கிடங்கின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் ரயனோடின் சானல்களைத் தொட்டுத் திறக்க வைக்கிறது. கிடங்கிலிருந்து கொட்டுவதுதான் பெரிய பங்கு. முயலிலும் மனிதரிலும் ஒரு துடிப்புக்கு வேண்டிய கால்சியத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கிடங்கிலிருந்து வருகிறது. எலியில் 90-ஐத் தாண்டும். வேலை முடிந்ததும் ஒரு பம்ப் அதைக் கிடங்குக்குள் திருப்பி இழுக்கிறது, மீதியைச் சோடியம்–கால்சியம் மாற்றி வெளியே தள்ளுகிறது.

கால்சியமே கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. இதில்தான் வில்லங்கம். கிடங்கிலிருந்து வரும் கால்சியமும் அதே ரயனோடின் சானலைத் திறக்கும் அல்லவா? ஒன்று திறந்தால் இன்னொன்று, அதனால் இன்னும் பத்து. இப்படிப்பட்ட நேர்ப் பின்னூட்டம் இருக்கும் அமைப்பு ஒன்று முழுவதும் வெடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே நடக்கக் கூடாது. ஆனால் அலெக்ஸாந்தர் ஃபாபியாட்டோ 1980-களில் சவ்வு உரித்த இதயச் செல்களில் காட்டியது நேர்மாறானது: தூண்டும் கால்சியத்தைக் கொஞ்சம் கூட்டினால் வெளியீடும் கொஞ்சம் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. உள்ளே வெடிமருந்து, வெளியே பார்த்தால் நிதானமான கட்டுப்பாடு.

1992-ல் மைக்கேல் ஸ்டெர்ன் இதைக் கணக்காக எடுத்து எழுதினார். எல்லாச் சானல்களும் ஒரே பொதுக் கால்சியக் குளத்தைப் பார்க்கின்றன என்று வைத்துக்கொண்டால், அதிகப் பெருக்கமும் நிதானமான கட்டுப்பாடும் ஒரே மாதிரியில் சேர்ந்து வருவதே இல்லை என்பது அவர் காட்டியது. தப்பிக்க அவர் சொன்ன வழி: சானல்கள் தனித்தனிக் கொத்துகளாக இருக்கின்றன, ஒவ்வொரு கொத்தும் தன் பக்கத்தில் இருக்கும் எல்-வகை சானலின் பேச்சை மட்டும் கேட்கிறது. வைக்கோலை ஒரே போராகக் குவித்தால் ஒரு பொறியில் எல்லாம் போய்விடும். வயல் முழுக்கத் தள்ளித்தள்ளிச் சின்னக் கட்டுகளாக வைத்தால் எத்தனை கட்டில் தீ வைத்தோமோ அத்தனைதான் எரியும். ஒவ்வொரு கட்டும் முழுக்க எரிகிறது, ஆனாலும் மொத்தச் சூடு நம் கையில் இருக்கிறது. அடுத்த வருடமே, 1993-ல், செங், லெடரர், கேனல் மூவரும் கால்சியம் ஒட்டினால் ஒளிரும் ஃப்ளூவோ-3 சாயமும் கான்ஃபோகல் நுண்ணோக்கியும் வைத்து, ஓய்ந்திருக்கும் எலி இதயச் செல்லில் அங்கங்கே பளிச்சிட்டு மறையும் புள்ளிகளைப் பிடித்தார்கள். சுமார் 2 மைக்ரோமீட்டர் அகலம், 10 மில்லிவினாடியில் உச்சம், அப்புறம் சில பத்து மில்லிவினாடியில் மறைவு. கால்சியம் ஸ்பார்க் என்று பெயர் வைத்தார்கள். கொத்து ஒன்று எரிவதை நேரில் பார்த்த மாதிரி.

இந்தக் கொத்து இருக்கும் இடத்துக்கு டையாட் என்று பெயர். வெளிச் சவ்வுக்கும் கிடங்கின் சவ்வுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு, உயரம் 15 நானோமீட்டர் அளவு. ஆரம் 100 நானோமீட்டர் கொண்ட ஒரு வட்டத் தகடு என்று வைத்துக் கொள்ளளவைப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டரில் சுமார் 4.7 பெருக்கல் 10-இன் அடுக்கு −19 பங்கு. ஓய்வில் செல்லுக்குள் கால்சியச் செறிவு 100 நானோமோலார். இரண்டையும் அவகாட்ரோ எண்ணோடு பெருக்கினால் கிடைப்பது 0.03 அயனி. அதாவது எந்த ஒரு நொடியில் பார்த்தாலும் 35 டையாட்களில் ஒன்றில் ஒரே ஒரு தனிக் கால்சியம் அயனி இருக்கும், மற்றதில் ஒன்றுகூட இல்லை. செறிவு 100 மைக்ரோமோலாருக்கு ஏறினாலும் சுமார் 28 அயனிதான். இந்தப் பக்கம் எல்-வகை சானல் ஒன்று திறந்தால் வரும் கரண்ட் 0.1 பிகோஆம்பியர் அளவு. அது அரை மில்லிவினாடி திறந்திருந்தால் உள்ளே வருவது ஏறக்குறைய 150 அயனி. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு "டையாடின் கால்சியச் செறிவு" என்ற மென்மையான வளைகோட்டின்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போகும்.

இதில் ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இங்கே தேவைக்கு மேல் பயந்துபோகிறார்கள். அயனிகள் அந்த இடுக்கைவிட்டு வெளியேறப் பத்து, இருபது மைக்ரோவினாடி போதும். சானல் முடிவெடுப்பதோ மில்லிவினாடி அளவில். அதனால் அயனி எண்ணிக்கையில் வரும் சலசலப்பைச் சானல் பெரும்பாலும் சராசரியாகத்தான் உணர்கிறது. ஒவ்வொரு அயனியையும் பின்தொடர்ந்து உருவகப்படுத்துவது அழகான வேலை, ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். தற்செயலின் கனமான பங்கு சானல்களிடம்தான் இருக்கிறது: எது திறந்தது, எப்போது, எத்தனை நேரம்.

சரி, சராசரி ஏன் ஏமாற்றுகிறது? ரயனோடின் சானல் திறக்கும் வேகம் பல மாதிரிகளில் கால்சியச் செறிவின் இருபடிக்கு நேர்விகிதமாக எழுதப்படுகிறது. 100 டையாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் சானல் திறந்து கால்சியம் 100 மைக்ரோமோலார்; மற்ற 99-ல் 0.1. சராசரி 1.1 மைக்ரோமோலார். சராசரியை எடுத்து அதன் இருபடியைப் போட்டால் 1.2. ஒவ்வொன்றின் இருபடியையும் எடுத்து அப்புறம் சராசரி பார்த்தால் 100. எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இதைவிடக் கெடுதல், முதல் கணக்கு அந்த வேகத்தை 100 டையாடுக்கும் சமமாகப் பங்குபோட்டுவிடுகிறது. உண்மையில் அது முழுக்க ஏற்கெனவே திறந்திருக்கும் அந்த ஒரு டையாடுக்குள்ளேயே இருக்கிறது. பொதுக் குளம் மாதிரி வெடிப்பதும் நிஜச் செல் வெடிக்காததும் இந்த ஒரு வித்தியாசத்தால்தான்.

இதற்குப் பரிசோதனைச் சாட்சியும் உண்டு. எல்-வகைச் சானல்களின் மொத்தக் கரண்ட், மின்னழுத்தத்தோடு மணி வடிவத்தில் ஏறி இறங்கும். அதனால் −20 மில்லிவோல்ட் பக்கத்திலும் +40 பக்கத்திலும் ஒரே அளவு கரண்ட் வருமாறு தேர்ந்தெடுக்க முடியும். பொதுக் குளம் மாதிரிப்படி இரண்டுக்கும் வெளியீடு ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை, கீழ் மின்னழுத்தத்தில்தான் வெளியீடு அதிகம். அங்கே திறக்கும் சானல்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றின் வழியாகவும் வரும் கரண்ட் பெரியது, பக்கத்துக் கொத்தைத் தட்டி எழுப்ப அது போதும். மேல் மின்னழுத்தத்தில் நிறையத் திறக்கின்றன, ஒவ்வொன்றும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மொத்தக் கரண்டைவிட, அது எப்படித் துண்டு துண்டாக வருகிறது என்பது முக்கியம்.

இனி இரண்டாவது பாதி: எண்கள் எங்கிருந்து வருகின்றன.

ஒற்றைச் சானலின் கரண்டை 1976-ல் கோட்டிங்கனில் எர்வின் நேரும் பெர்ட் சாக்மனும் முதலில் பதிவுசெய்தார்கள், 1991-ல் நோபல் பரிசு வந்தது. அவர்கள் கண்ணாடிக் குழாய் நுனியை ஒட்ட வைத்தது வெளிச் சவ்வில். ரயனோடின் சானல் செல்லுக்குள்ளே கிடங்கின் சவ்வில் இருப்பதால் அந்த நுனிக்கு எளிதில் எட்டாது. அதைப் பிரித்தெடுத்துச் செயற்கை லிப்பிட் படலத்தில் பதித்துப் பார்க்கிறார்கள். 20 லட்சம் டால்டனுக்கு மேல் எடை, நான்கு துணையலகு, ஒவ்வொன்றும் சுமார் 5,000 அமினோ அமிலம் கொண்ட ராட்சதப் புரதம் அது.

பதிவைத் திரையில் பார்த்தால் கரண்ட் இரண்டே மட்டங்களில் இருக்கும், மூடி, திறந்து, மூடி, திறந்து. மூடியிருந்த நேரங்களையும் திறந்திருந்த நேரங்களையும் தனித்தனியே அளந்து ஹிஸ்டோகிராம் போடுகிறோம். சானலுக்கு ஒரே ஒரு மூடிய நிலை மட்டும் இருந்தால், மூடியிருக்கும் நேரம் அடுக்குக்குறிப் பரவலில் விழ வேண்டும். எத்தனை நேரம் மூடியிருந்தது என்பது இன்னும் எத்தனை நேரம் மூடியிருக்கும் என்பதைப் பாதிக்காது. நிஜத்தில் ஓர் அடுக்குக்குறி போதுவதில்லை. இரண்டு, மூன்று தேவைப்படுகிறது. அப்படியென்றால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் "மூடிய" நிலை, உள்ளே இரண்டு மூன்று வெவ்வேறு நிலைகள். இதைத்தான் மறைநிலை மார்க்கோவ் மாதிரி என்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களில் பல வருடம் ஓடிய அதே கணிதம்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள் டேவிட் கோல்குஹோனும் ஆலன் ஹாக்ஸும், 1977-லிருந்து 1980-களின் தொடக்கம் வரை எழுதிய கட்டுரைகளில். நிலைகளுக்கு இடையே மாறும் வேகங்களை ஓர் அணியில் எழுதி, அதைத் திறந்த பகுதி, மூடிய பகுதி என்று கூறுபோட்டால், ஹிஸ்டோகிராமின் நேர மாறிலிகள் அந்தக் கூறுகளின் ஐகன் மதிப்புகளிலிருந்து விழும். நேரியல் இயற்கணிதம் தெரிந்தவருக்கு ஒரு மாலையில் புரிகிற விஷயம். ஒரு விஷயத்தை இடையில் சொல்லத் தோன்றுகிறது: நிலநடுக்கத்துக்குப் பின் வரும் அதிர்வுகளுக்கும் பங்குச் சந்தைக்கும் இன்று பயன்படுத்தும், ஒரு நிகழ்வு அடுத்த நிகழ்வைத் தூண்டும் "ஹாக்ஸ் செயல்முறை"யும் 1971-ல் இதே ஆலன் ஹாக்ஸ் எழுதியதுதான்.

கணிதம் சுத்தமாக இருக்கிறது. தரவு அப்படி இல்லை. இங்கே ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. இரைச்சலைக் குறைக்கப் பதிவை 2 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரில் விடுகிறோம் என்று வையுங்கள். அப்போது சுமார் 0.09 மில்லிவினாடிக்குக் குறைவான நிகழ்வுகள் பாதி உயரத்தைக்கூடத் தொடாமல் கரைந்துவிடும். சானலின் ஒரு மூடிய நிலை சராசரியாக 0.1 மில்லிவினாடிதான் நீடிக்கும் என்றால், அந்த மூடல்களில் எத்தனை காணாமல் போகும்? 1-இலிருந்து e-இன் அடுக்கு −0.9-ஐக் கழித்தால் 0.59. நூற்றுக்கு 59 மூடல் பதிவில் இல்லை. ஒரு மூடல் காணாமல் போனால் அதற்கு இரண்டு பக்கமும் இருந்த திறப்புகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீளமான திறப்பாகத் தெரியும். உண்மையில் சராசரியாக 2 மில்லிவினாடி திறந்திருக்கும் சானல், நம் ஹிஸ்டோகிராமில் 5 மில்லிவினாடி திறந்திருப்பதாகக் காட்டும். மூடும் வேகம் என்று அதிலிருந்து எடுத்து மாதிரிக்குள் போடும் எண் இரண்டரை மடங்கு தப்பு. தவறிய நிகழ்வுகளுக்கான துல்லியமான திருத்தத்தை ஹாக்ஸும் ஜலாலியும் கோல்குஹோனும் 1990-களின் தொடக்கத்தில் கொடுத்துவிட்டார்கள், அதைச் செய்யும் மென்பொருள்களும் இருக்கின்றன. அதனால் ஒரு கட்டுரையில் வேகங்களின் அட்டவணையைப் பார்த்தால் முதலில் தேட வேண்டியது ஃபில்டர் எண்ணையும் இந்தத் திருத்தம் செய்தார்களா என்பதையும்தான்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. வெவ்வேறு வரைபடங்கள் கொண்ட இரண்டு மார்க்கோவ் மாதிரிகள், ஒரே நிபந்தனையில் எடுத்த பதிவுக்கு எழுத்துக்கு எழுத்து ஒரே நிகழ்தகவைக் கொடுக்கலாம். 1989-ல் கீன்கர் இதைத் தெளிவாக நிறுவினார். எத்தனை மணி நேரம் பதிவு எடுத்தாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. கால்சியச் செறிவை மாற்றி மாற்றிப் பதிவெடுத்து, எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே மாதிரியைச் சேர்த்துப் பொருத்தினால் குழப்பம் நிறையக் குறையும், ஏனென்றால் கால்சியம் ஒட்டும் வேகங்கள் மட்டும்தான் செறிவோடு மாற வேண்டும். தரவுக்கு மிகப் பொருந்தும் ஒரே எண் தொகுப்பைத் தேடும் மேக்சிமம் லைக்லிஹுட் முறையில் ஓர் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாமல், சாத்தியமான எண்களின் முழுப் பரவலையும் தரும் பேயஸ் முறையில் மார்க்கோவ் சங்கிலி மான்டே கார்லோ ஓட்டி, எந்த வேகம் தரவால் கட்டுப்படுகிறது, எது காற்றில் மிதக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். பத்து அளபுருக்கள் கொண்ட மாதிரியில் நான்கு மட்டும் தரவால் கட்டுப்பட்டு மீதி ஆறும் எங்கே வேண்டுமானாலும் போகும் என்பது சாதாரணமாக நடப்பது. அப்போது மாதிரியைச் சின்னதாக்குவதுதான் மரியாதை.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் லிப்பிட் படலம் செல் அல்ல. அங்கே பெரும்பாலும் கால்சியத்துக்குப் பதில் சீசியம் கரண்டை அளக்கிறார்கள். செல்லுக்குள் 1 மில்லிமோலார் அளவில் இருக்கும் மக்னீசியம் ரயனோடின் சானலை அமுக்கும். பல சோதனைகளில் அது கரைசலிலேயே இருக்காது. சானலைச் சூழ்ந்திருக்கும் துணைப் புரதங்களில் எது பிரித்தெடுக்கும்போது கழன்றுபோனது என்பதும் கணக்கில் வர வேண்டும். அந்த எண்களை அப்படியே எடுத்து டையாட் மாதிரிக்குள் வைத்துவிட்டு ஸ்பார்க் சரியாக வரவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளில்லை.

எல்-வகை சானலில் கால்சியத்தின் வேலை இன்னொரு மாதிரி. அங்கே கால்சியம் கதவை மூடுகிறது. கால்மோடுலின் என்ற சின்னப் புரதம் சானலின் வாலில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. சானல் வழியே வந்த கால்சியம் அதில் ஒட்டியதும் சானல் செயலிழக்கிறது. வெளிக் கரைசலில் கால்சியத்தை எடுத்துவிட்டுப் பேரியம் வைத்தால் கரண்ட் வெகுநேரம் நீடிக்கும், ஏனென்றால் கால்மோடுலினுக்குப் பேரியம் நன்றாக ஒட்டாது. இம்ரெடியும் டேவிட் யூவும் 1994-ல் ஒற்றைச் சானல் பதிவுகளைப் பார்த்துச் சொன்னது சுவாரசியமானது: கால்சியம் ஒட்டிய சானல் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்வதில்லை, அபூர்வமாக மட்டும் திறக்கும் இன்னொரு நடைக்கு மாறிவிடுகிறது. மாதிரியில் இதை இரண்டு மாடிகளாக எழுதுவார்கள், மேல் மாடியில் சாதாரண நடை, கீழ் மாடியில் சோம்பல் நடை, மாடிப்படியின் வேகம் மட்டும் கால்சியத்தோடு மாறும். எந்தக் கால்சியம்? சானலின் வாயருகே, அது திறந்த மைக்ரோவினாடிகளில் எகிறி, மூடியவுடன் விழுந்துவிடும் கால்சியம். தன் நிலை தன் வேகத்தை மாற்றுகிறது. அதனால் சானலின் நிலையையும் பக்கத்துக் கால்சியத்தையும் சேர்த்து ஒரே மாறியாக வைத்தால்தான் அது மார்க்கோவ். சானலை மட்டும் தனியே எடுத்தால் இல்லை.

இப்போது கொத்துக்கு வருவோம். ஒன்று திறந்தால் பக்கத்தில் இருப்பது திறக்கும் என்றால் ஸ்பார்க் தொடங்குவது புரிகிறது. ஏன் முடிகிறது? பழைய பதில்: தற்செயலாக எல்லாச் சானல்களும் ஒரே நேரம் மூடிக்கொண்டால் தூண்டக் கால்சியம் இருக்காது, அடங்கிவிடும். கணக்குப் பாருங்கள். ஒவ்வொன்றும் பாதி நேரம் திறந்திருக்கும், ஒன்றையொன்று கவனிக்காத சானல்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 10 சானலும் ஒரே கணத்தில் மூடியிருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 50 சானல் என்றால் பத்தின் பதினைந்தாம் அடுக்கில் ஒன்று. ஸ்பார்க் முடியவே முடியாது. ஒன்றையொன்று தூண்டும்போது நிலைமை இன்னும் மோசம்.

அதனால் கொத்தின் அளவு ஒரு பெரிய கேள்வியாகியது. பழைய மதிப்பீடுகள் நூறு சானல் அளவில் இருந்தன. 2009-ல் மீநுண் பிரிதிறன் நுண்ணோக்கியில் எலிச் செல்லின் ஓரக் கொத்துகளை எண்ணியபோது சராசரி 14 அளவில் வந்தது. இன்னொரு பக்கம், கிடங்கின் அந்த மூலை காலியாகக் காலியாக ஒவ்வொரு திறந்த சானல் வழியாகவும் வரும் கரண்ட் சிறுத்துப்போகிறது, அது பக்கத்துச் சானலைத் தூண்டும் பலத்தையும் இழக்கிறது. கேனல், லேவர் குழுவினர் 2013-ல் இதைத்தான் ஸ்பார்க் முடிவதற்கான முதன்மைக் காரணமாக முன்வைத்தார்கள். 2017-ல் ஸ்டெர்னும் மால்ட்சேவ் என்ற பெயருடைய இருவரும் கொத்தை இயற்பியலாளர்களின் ஐசிங் காந்த மாதிரியோடு பொருத்திக் காட்டினார்கள்: சானல்களுக்கு இடையேயான பிணைப்பு ஓர் எல்லைக்குக் கீழே விழுந்தவுடன், காந்தம் தன் காந்தத்தன்மையை இழப்பது போலக் கொத்து முழுவதும் மூடிய நிலைக்குச் சரிகிறது. என் ஓட்டு பிணைப்புத் தளர்வுக்குத்தான். ரயனோடின் சானலுக்கென்று தனியாக ஒரு செயலிழப்பு நிலையை எழுதிச் சமாளித்த மாதிரிகளைவிட இது குறைந்த அனுமானத்தில் அதிகம் விளக்குகிறது.

ஒரு கொத்திலிருந்து முழுச் செல்லுக்குப் போவது எப்படி? ஒரு வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) செல்லில் இப்படிப்பட்ட வெளியீட்டு அலகுகள் 10,000 முதல் 20,000 வரை. கிரீன்ஸ்டைனும் வின்ஸ்லோவும் 2002-ல் 12,500 அலகுகளையும் ஒவ்வொரு சானலாக மான்டே கார்லோவில் ஓட்டி முழுச் செல்லின் செயல் மின்னழுத்தத்தை வரவழைத்தார்கள். பொதுக் குளம் மாதிரியில் வராத நிதானமான கட்டுப்பாடு அதில் தானாக வந்தது. ஆனால் கணினிக்கு அது பெரும் சுமை. 2007-ல் வில்லியம்ஸ், ஸ்மித் குழுவினர் வேறு வழி சொன்னார்கள்: அலகுகள் ஒன்றைப் போலவே இன்னொன்று என்றால், ஒவ்வொன்றையும் தனியே தொடர வேண்டாம், எந்த நிலையில், எவ்வளவு உள்ளூர்க் கால்சியத்தோடு, எத்தனை பங்கு அலகுகள் இருக்கின்றன என்ற பரவல் அடர்த்தியையே பகுதி வகைக்கெழுச் சமன்பாடாக எழுதலாம். கணிதம் படித்தவருக்கு இந்தத் துறையில் ருசியான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட வகைக்கெழுச் சமன்பாடு இங்கே திரும்பி வருகிறது, ஆனால் செறிவுக்கான சமன்பாடாக இல்லாமல் நிகழ்தகவுக்கான சமன்பாடாக.

"இவ்வளவு தற்செயல் இருந்தும் துடிப்பு ஏன் ஒழுங்காக இருக்கிறது" என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. 12,500 அலகில் ஒவ்வொன்றும் தன்போக்கில் 0.8 நிகழ்தகவோடு திறக்கிறது என்றால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 10,000, திட்டவிலக்கம் 45. அரை சதவீதத்துக்கும் குறைவான ஆட்டம். இதயத்தில் கோடிக்கணக்கான செல்கள் மின்னால் இணைந்திருக்கின்றன. அந்த அரை சதவீதமும் அடங்கிவிடும்.

அடங்காத நேரமும் உண்டு, மருத்துவத்துக்கு அதுதான் முக்கியம். கேட்டகோலமினால் (அட்ரினலின் வகைப் பொருள்களால்) தூண்டப்படும் பல்வடிவ வென்ட்ரிக்கிள் டாக்கிகார்டியா (கீழறையின் அதிவேகத் துடிப்பு) என்று ஒரு பரம்பரை நோய். இதய அமைப்பில் எந்தக் கோளாறும் தெரியாத சிறுவன் ஓடும்போதோ பதற்றப்படும்போதோ மயங்கி விழுகிறான். ரயனோடின் சானல் மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் இதற்குக் காரணம் என்று 2001-ல் தெரிந்தது. கால்மோடுலின் மரபணு மாற்றத்தாலும் வரும் என்று 2012-ல். ஓய்வில் அந்தச் சானலின் சராசரி நடத்தை ஏறக்குறைய இயல்புதான். அட்ரினலின் ஏறிக் கிடங்கு நிரம்பும்போது, தானாக எழும் ஸ்பார்க்குகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு ஸ்பார்க் பக்கத்துக் கொத்தைப் பற்றவைக்கும் நிகழ்தகவு ஓர் எல்லையைத் தாண்டினால் கால்சியம் அலையாகச் செல் முழுக்க ஓடும். அதை வெளியேற்றும் மாற்றி, ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியத்தை உள்ளே விடுவதால் செல்லுக்குள் நேர்மின்னூட்டம் ஏறி, வேளைகெட்ட துடிப்பு பிறக்கிறது. இது பரவலின் வால்நுனியில் நடக்கும் சங்கதி. சராசரியை மட்டும் கொடுக்கும் மாதிரியில் அந்த வாலே கிடையாது. பீட்டா பிளாக்கர் இதற்கு முதல் மருந்து. துடிப்புக் கோளாறுக்குத் தரும் ஃப்ளெகெய்னைடு மருந்தும் உதவுகிறது என்று 2009-ல் வந்தது. அது ரயனோடின் சானலையே அடைக்கிறதா, சோடியம் சானலை அடைப்பதால் மட்டும் பலனா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால், முழுச் செல் மாதிரியைத் தரவிறக்கி அதற்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். 10 சானல் கொண்ட ஒரே கொத்தோடு தொடங்குங்கள். எல்லாம் ஒரே வகைச் சானல் என்பதால் நிலை என்பது "எத்தனை திறந்திருக்கிறது" என்ற ஓர் எண் மட்டும், 0 முதல் 10 வரை. மூடும் வேகத்தை மாறிலியாக வையுங்கள்; திறக்கும் வேகத்தைத் திறந்திருக்கும் எண்ணிக்கையின் இருபடியோடு உயர விடுங்கள். ஒரு சானல் திறந்ததிலிருந்து எல்லாம் மூட ஆகும் சராசரி நேரத்தை 10 நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்துக் கண்டுபிடிக்கலாம். அதே கொத்தை, அடுத்த தாவல் எப்போது, எது என்று தற்செயல் எண்ணால் முடிவுசெய்யும் கில்லெஸ்பியின் 1977 வழிமுறையில் சில ஆயிரம் தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிரலில் பிழை. அப்புறம் கிடங்கு காலியாவதைச் சேருங்கள், ஸ்பார்க் முடியும் நேரம் எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள். எல்-வகை சானலையும் அதன் கால்மோடுலின் மாடிப்படியையும் கடைசியில் சேருங்கள். சேர்த்ததும் முதல் சோதனையாக அந்தப் படியின் வேகத்தைச் சுழியமாக்குங்கள்: கரண்ட் பேரியத்தில் நீடிப்பது போல நீண்டுபோக வேண்டும். நீளாவிட்டால், கால்சியத்தின் வேலையை உங்கள் மாதிரியில் மின்னழுத்தம் திருடிச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வேகங்களைப் பிரித்துப் பொருத்திவிட்டு அப்புறம் மேலே போகலாம்.